பழைய கட்டடங்களைப் பார்வைக்குத் திறக்கும் நாளில் தன்னார்வலர் வேலை: கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: பழுதுபார்த்து மீட்ட பழைய வீடுகளையும் கட்டடங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குத் திறந்து காட்டப் போகிறார்கள். கீழக்கரையில் சில வீடுகள், ராமநாதபுரத்தில் அரண்மனை. தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கும் கல்லூரி மாணவர்கள் என்ன தயார் செய்ய வேண்டும், வரலாறு எவ்வளவு படிக்க வேண்டும்?

வரலாறு ஒரு பக்கத்துக்குத் தெரிந்தால் போதும். அன்றைக்கு உங்கள் முதல் வேலை கட்டடத்துக்கும் அதில் குடியிருப்பவர்களுக்கும் சேதாரம் வராமல் பார்த்துக்கொள்வது. விளக்கம் சொல்வது அதற்கு அடுத்ததுதான். இந்த வரிசையை மாற்றிக்கொண்டு எல்லோரும் வழிகாட்டி ஆகிவிடும் நிகழ்ச்சிகளில் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள், மாடியில் நாற்பது பேர் நிற்பார்கள்.

ஒரு வீட்டுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் வேண்டும். வாசலில் ஒருவர் ஆள் எண்ணிக்கைக்கு, இன்னொருவர் செருப்புக்கும் பைக்கும். முற்றத்தில் விளக்கம் சொல்ல ஒருவர். படிக்கட்டின் அடியில் ஒருவர், மாடியில் ஒருவர். பின்வாசல் வழியாக ஆட்களை வெளியே அனுப்பினால் அங்கேயும் ஒருவர் தேவை. ஒரு குழுவுக்கு 12 முதல் 15 பேர், ஒரு வீட்டுக்கு 20 நிமிடம், அடுத்த குழு உள்ளே வருவதற்குமுன் 5 நிமிட இடைவெளி. அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். முன்னால் போன குழு முற்றத்தைக் காலி செய்யுமுன் அடுத்த குழு நுழைந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடும்.

மாடி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய மாடித்தளம் கம்பி கட்டிய கான்கிரீட் கிடையாது. தேக்குக் கட்டைகளையோ பனஞ்சட்டங்களையோ நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டையான ஓடு ஒட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். குடும்பம் புழங்குவதற்கு அது தாராளமாகத் தாங்கும். முப்பது பேர் ஒரே இடத்தில் கூடி மேலே பார்த்துக்கொண்டு நிற்பதை மனதில் வைத்து அதை யாரும் கட்டவில்லை. கட்டை அதிகமாக வளைவது நடுப்பகுதியில். அதனால் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் விடாதீர்கள், அவர்களையும் சுவரோரமாகப் பரவலாக நிற்கச் சொல்லுங்கள். குழுப் படம் எடுக்க எல்லோரும் நடுவில் நெருங்குவார்கள். "போட்டோ கீழ முற்றத்துல எடுத்துக்கலாம், வாங்க" என்று மாடியில் நிற்பவர் சொல்ல வேண்டியிருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும்.

கட்டை இற்றுப்போவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில். ஈரம் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான், வெளியே பார்த்தால் தெரியாது. நிகழ்ச்சிக்கு முன் ஆசாரியோ அந்த வீட்டில் வேலை பார்த்த பொறியாளரோ நுனிகளைத் தட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் மாடியைத் திறக்க வேண்டாம். கீழ்த்தளத்திலேயே காட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

படிக்கட்டு செங்குத்தாக, குறுகலாக இருக்கும். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் நடுவழியில் சந்தித்தால் யாராவது சுவரில் கையூன்றுவார்கள், பூச்சு பெயரும். அதனால் ஒரு பக்கம் மட்டும்: மேலே விடும் எட்டுப் பேரும் ஏறி முடித்த பிறகே இறக்கம். வாசல் நிலை தாழ்வாக உள்ள இடங்களில் "தலை பார்த்து" என்று சொல்வதற்கென்றே ஒருவர் நிற்க வேண்டும். அங்கே ஒரு துணியையோ அட்டையையோ தொங்கவிடலாம் என்று தோன்றும், ஆனால் அதை ஒட்டவோ அடிக்கவோ கூடாது. செல்லோ டேப்பை உரிக்கும்போது வெள்ளையடிப்பும் அதன் அடியில் உள்ள மெல்லிய பூச்சும் சேர்ந்து வந்துவிடும். ஆணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறிவிப்பு அட்டைகள் எல்லாம் தரையில் நிற்கும் ஸ்டாண்டில். கயிறு கட்டுவதும் தூணில் இல்லை, ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு.

முதுகுப்பை, குடை, செல்ஃபி கம்பு மூன்றும் வாசலோடு நிற்கட்டும். மனிதர் திரும்பும்போது முதுகுப்பை அவருக்குத் தெரியாமல் சுவரை இழுத்துக்கொண்டு போகும். வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், எண் எழுதிய துண்டைக் கொடுத்துப் பையை வாங்கி வைத்தால் சமாதானமாவார்கள். செருப்புக்குச் சாக்கு விரித்து குழுவுக்கு ஒரு சாக்கு என்று பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் பத்து மணிக்குள் செருப்பு மாறிய பஞ்சாயத்து தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது, கயிற்றுப் பாய் நான்கைந்து வேண்டும்.

நாள் குறிப்பது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அமைப்பாளரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். உலக மரபு நாள் ஏப்ரல் 18, உலக மரபு வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை. இரண்டும் இந்தக் கரைக்குப் பொருந்தாதவை. ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும். நவம்பர் வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. ஈரம் ஏறிய சுண்ணாம்புச் சுவரில் ஒரு தோள் உரசினாலே சட்டையில் பாதி சுவர் வந்துவிடும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஆனால் 2026, 2027 ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரியில் தொடங்குவதால், கீழக்கரையில் நிகழ்ச்சி வைப்பதென்றால் ஜனவரிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். நேரம் காலை 7 முதல் 10.30, மாலை 4.30 முதல் 6. நடுவில் வீட்டாருக்கும் உங்களுக்கும் ஓய்வு. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தாதீர்கள், இடம் மாற்றுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, தண்ணீர் கேன் இரண்டு ஒவ்வொரு வீட்டிலும். கழிப்பறை எங்கே என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி அதுதான், வரலாறு அதற்குப் பிறகு.

கீழக்கரை வீடுகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்த ஊரில் மணமான பெண் தாய்வீட்டை ஒட்டியோ தனக்கென்று கொடுக்கப்பட்ட வீட்டிலோ வாழும் வழக்கம் உண்டு, மாப்பிள்ளை அங்கே வருவார். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் ஆண் போனில் "தாராளமா காட்டுங்க" என்று சொல்வது பாதி சம்மதம்தான். வீட்டில் இருக்கும் உம்மா (அம்மா), லாத்தாவிடம் (அக்கா) நேரில் போய், எந்தெந்த அறை திறக்கும், எது திறக்காது, எத்தனை மணிக்கு முடியும் என்று பேசி, அதை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பேச மாணவிகள் இருவர் போவது சரியாக இருக்கும். அடுக்களையும் படுக்கையறையும் பட்டியலில் இல்லை என்றால் அந்தக் கதவின் முன் ஒரு நாற்காலி போட்டு ஆள் உட்கார வேண்டும். திரைச்சீலை மட்டும் போதாது, யாராவது விலக்கிப் பார்ப்பார்கள். வீட்டில் ஆள் இருக்கும் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், உள்ளே போன பிறகு சொன்னால் சண்டையாகத் தெரியும்.

ட்ரோன் கொண்டுவருகிறவர்கள் நிச்சயம் ஒருவராவது இருப்பார்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, இது இலங்கைக்கு எதிர்க்கரை. எழுத்தில் அனுமதி காட்டாத யாரையும் பறக்கவிட அனுமதிக்காதீர்கள்.

பள்ளிவாசலைப் பார்க்கும் திட்டம் இருந்தால் ஜமாஅத்திடம் (பள்ளிவாசல் நிர்வாகம்) கேட்காமல் அட்டவணையில் போடக் கூடாது. பிற மதத்தவர், பெண்கள் எதுவரை வரலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், அது பள்ளிக்குப் பள்ளி மாறும். பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லும்போது தெருவிலும் விளக்கத்தை நிறுத்துங்கள். தலையை மறைக்கத் துணி கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

இனி அந்த ஒரு பக்க வரலாறு. ராமநாதபுரத்தைத் தலைநகராக்கியவர், இந்தப் பகுதியை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி என்கிற ரகுநாத சேதுபதி. அதற்கு முன் போகலூர். அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் கிழவன் சேதுபதி காலத்தது, உள்ளே உள்ள ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் ஐரோப்பியரைச் சேதுபதி சந்திக்கும் காட்சியும் ராமாயணமும் இருக்கின்றன. அங்கே உங்கள் வேலை எளிது, கடினம் இரண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடம் என்பதால் அவர்கள் சொல்வதே சட்டம். ஃபிளாஷ் கூடாது, சுவரிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி நிற்க வேண்டும். விளக்கம் சொல்பவரே விரலை நீட்டிச் சுவரைத் தொடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் படிந்த இடத்தில் தூசி பிடித்துக் கறுக்கும். அதைத் துடைக்கப் போனால் வண்ணம் போகும். காட்டுவதற்கு லேசர் வேண்டாம், ஓவியத்தின் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதில் விரல் வைத்துக் காட்டுங்கள். குழு உங்களைப் பார்த்து நிற்கும், சுவரை நோக்கி நெருங்காது.

கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி பெயர் வராமல் பேச முடியாது. கிழவன் சேதுபதி காலத்தவர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர், "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற சொலவடை அவரைப் பற்றியது. பழைய பள்ளிகளின் வயதைச் சொல்லும்போது மட்டும் நிதானம் வேண்டும். பழைய ஜும்ஆ பள்ளி நபிகள் காலத்திலேயே, ஏழாம் நூற்றாண்டில் ஏற்பட்டது என்பது ஊர் வழக்கு. இன்று நாம் பார்க்கும் கல் தூணும் அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும், உருவம் இல்லாமல் பூவும் கொடியுமாகச் செதுக்கிய வேலையும், தமிழ்நாட்டுக் கற்கட்டட மரபின் பிற்கால நடையில் இருப்பவை. இரண்டையும் சொல்லலாம். "ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்" என்பதையும் "கட்டடம் இதைக் காட்டுகிறது" என்பதையும் தனித்தனியாகச் சொன்னால் ஊர்க்காரருக்கும் மனத்தாங்கல் இல்லை, படித்து வந்தவருக்கும் குறை இல்லை. கல்வெட்டு இருந்தால் அதிலுள்ள ஆண்டைச் சொல்லுங்கள். வீடுகளுக்கு "முன்னூறு வருஷம்" என்று கணக்கில்லாமல் அடித்துவிடாதீர்கள். பத்திரமோ நிலையில் செதுக்கிய ஆண்டோ இல்லை என்றால் "தாத்தாவின் தாத்தா காலம் என்று வீட்டார் சொல்கிறார்கள்" என்பதே போதும்.

மக்களை உண்மையில் கட்டிப்போடுவது சுவர்தான். அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டு போங்கள்.

கரையோரப் பழைய கட்டடம் பலவற்றில் பவளப்பாறைக் கல் இருக்கும். வெட்டிய முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னப் பூக்களை நெருக்கமாக அச்சு குத்தியதுபோல் துளைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் இருந்த குழி. எடை குறைவு, வெட்டுவதற்கு எளிது, சுட்டால் சுண்ணாம்பு. மீன்பிடி ஊர்களில் அந்தக் காலத்தில் அதைவிட மலிவான கல் கிடையாது. இன்று அதை எடுக்க முடியாது: மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள் அதில் அடங்கும், பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதனால் பழுது பார்க்கும்போது விழுந்த கல்லையே பொறுக்கி மறுபடி வைக்க வேண்டும், போதாத இடத்தில் செங்கல் வரும். "இங்க மட்டும் ஏன் செங்கல்?" என்று கேட்டால் பதில் இது. பிள்ளைகள் அந்தத் துளைகளில் விரலையும் குச்சியையும் விட்டு நோண்டுவார்கள், கல் பொடிப்பொடியாக உதிரும். பவளக்கல் சுவர் உள்ள இடத்தில் கயிறு அவசியம்.

அடுத்து, சுவரின் அடிப்பாகம். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளையாகப் பூத்து, பூச்சு பொரிப்பொரியாகக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு செலவு பண்ணி ரிப்பேர் பார்த்தும் இப்படித்தானா?" என்று கேட்காத ஆள் இருக்க மாட்டார். கேள்வி நியாயமானது, பதில் தெரிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறுகிறது, அதில் உப்பு கரைந்திருக்கிறது. கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. மேல்பரப்பில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு படிகமாக மாறிப் பெரிதாகும், துளைகளை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பையும் தன்மேல் வாங்கிக்கொண்டு தான் உதிரும், உள்ளே கல் பிழைத்துக்கொள்ளும். சில வருடத்துக்கு ஒருமுறை அந்த அடிப்பாகத்தை மட்டும் உரித்து மறுபடி பூச வேண்டும்; அது பராமரிப்பு, தோல்வி இல்லை. அதே இடத்தில் சிமெண்ட் பூசினால் முதல் இரண்டு வருடம் அழகாக இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு சிமெண்ட்டுக்குப் பின்னால் சேரும், பிறகு தகடு தகடாக விழும், கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு. இந்த இரண்டையும் அக்கம்பக்கத்தில் காட்ட ஒரு தெருச் சுவர் கீழக்கரையில் எங்கும் கிடைக்கும். அடுத்த வீட்டுக்காரர் காதில் விழாமல் காட்டுங்கள்.

கலவை பற்றிக் கேட்பார்கள். தண்ணீரில் போட்டு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு என்பது பூச்சுக்குப் பொதுவான அளவு. சிப்பிச் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ, நீற்றிய பிறகு குறைந்தது இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்க வேண்டும். நீறாத கட்டி உள்ளே தங்கினால் பூசிய பிறகு அது நீறி, சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி விழும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது இறுகலுக்கும் ஒட்டலுக்கும். இந்த ஊரில் எல்லோரும் மறக்கும் பொருள் தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீரும் கடல் மணலும் கலந்தால் உப்பை நாமே கையால் சுவருக்குள் வைத்தமாதிரி. நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் கலக்க வேண்டியிருக்கும்; செலவுக் கணக்கில் அது ஒரு வரி.

பழையதும் புதியதும் எங்கே சேர்கிறது என்று காட்ட ஒரு எளிய வழி: சாதாரண வெள்ளையடித்த சுவரில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் ஒரே வெள்ளை. பக்கவாட்டு ஒளியில் கரணை (கொத்தனார் கரண்டி) போன தடம், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பு, பழைய விரிசல் அடைத்த கோடு எல்லாம் நிழலாக எழும். மரத்தில் என்றால் நிலையின் அடிக்கட்டையைக் காட்டுங்கள். இற்ற பாகத்தை மட்டும் வெட்டிவிட்டுப் புதுத் துண்டைக் கோத்திருப்பார்கள், நிறம் வேறாக இருக்கும். அதைச் சாயம் போட்டு மறைக்காமல் விட்டிருந்தால் நல்ல வேலை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சுண்ணாம்பு நீற்றுவதை நேரில் காட்ட அமைப்பாளர் ஆசைப்படுவார். ஆபத்தான வேலை, முடிந்தால் தவிர்த்து, ஏற்கனவே நீற்றி வைத்ததைக் காட்டுங்கள். காட்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கல்லின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் இளகிவிடும், இரும்புத் தொட்டியோ கட்டிய தொட்டியோ வேண்டும். செய்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும், கூட்டம் மூன்று மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கம். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதமாக இருந்தால் தூள் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து நிறுத்துங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் 15, 20 நிமிடம் தொடர்ந்து கழுவி, 108க்குச் சொல்லி மருத்துவமனைக்கு. பிள்ளைகளுக்கு ஒரு பலகையில் செங்கல் அடுக்கி, பழுத்த கலவையும் சின்னக் கரணையும் கையுறையும் கொடுத்தால் அரை மணி நேரம் நகர மாட்டார்கள்.

தனுஷ்கோடியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் மீட்ட கட்டடங்கள் அல்ல, இடிபாடுகள். பார்க்கிற முறையே வேறு. சுவர் எப்போது விழும் என்று சொல்ல முடியாது, சுவரின் உயரத்தைவிட அதிகத் தொலைவில் குழுவை நிறுத்துங்கள். விழுந்து கிடக்கும் பவளக்கல் துண்டை நினைவுக்கு எடுத்துப் போகிறவர்களைத் தடுக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து போகவர நாற்பது கிலோமீட்டர் வேறு. ஒரே நாளில் கீழக்கரையோடு இதைக் கோப்பது வேனில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கத்தான் உதவும்.

முதல் நாள் மாலையிலேயே ஒவ்வொரு அறையையும் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். கதவு, நிலை, தரை எல்லாம். முடிந்த பிறகு அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். புதிதாகப் பெயர்ந்த இடம் இருந்தால் மறைக்காமல் வீட்டாரிடம் அன்றைக்கே காட்டி, எந்தக் குழு நேரத்தில் நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். உதிர்ந்த பூச்சுத் துண்டுகளைக் குப்பையோடு பெருக்கித் தள்ள வேண்டாம். ஒரு உறையில் போட்டு அறையின் பெயரை எழுதி வைத்தால், அடுத்து வரும் கொத்தனாருக்குக் கலவையின் நிறமும் மணலின் பருமனும் அதிலிருந்தே தெரியும்.